அப்ப இது ஆற்றை கல்லு?

பல வருடங்களுக்கு முன்னர், எமது வடபுலக் கரையோர ஊரொன்றில் நடைபெற்ற நினைவுத்தூபித் திறப்பு விழாவுக்குப் பத்திரிகையாளன் என்ற முறையில் நான் சென்றிருந்தேன். ஊரின் பெயரை இங்கு வேண்டுமென்றே தவிர்க்கின்றேன். குறிப்பிட்டால் அவ்வூரவர்கள் மாத்திரமே வெட்கப்பட நேரிடும். வெட்கமோ கரையோரம் முழுவதற்கும், என்னைப் போன்ற பேனாக்காரர்களுக்கும் பொதுவானது.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை காவுகொண்ட மக்களுக்காக எழுப்பப்பட்ட தூபி அது. நீல வர்ணம் பூசிய சீமெந்து அலையொன்று, அதன் முதுகில் துள்ளி நிற்கும் பெரியதொரு மீன், மீனின் இரு மருங்கிலும் இரண்டு டொல்பின்கள். அடியில் பளபளக்கும் கறுப்புக் கல். நாடா வெட்டப்பட்டது, விளக்கேற்றப்பட்டது, உரைகள் நிகழ்ந்தன. கூட்டம் கலைந்த பின்னர் முதிய பெண்ணொருவர் கல்லின் அருகே வந்து எழுத்துக்களைக் கையால் தடவிப் பார்த்தார். பின்னர் என்னை அழைத்தார்.

"தம்பி, எனக்குக் கண் வடிவாத் தெரியாது. என்ரை மனுசன்ரை பேரும் பிள்ளையின்ரை பேரும் இதிலை எவடத்திலை கிடக்குது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். கல்லில் பதினொரு பெயர்கள் இருந்தன. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், நிதி வழங்கியோர், ஒப்பந்தகாரர். பதினொருவரும் சற்று முன்னர் மேடையில் வீற்றிருந்தவர்கள். அலையில் போனவர்கள் "உயிர்நீத்த எமது உறவுகள்" என்ற ஒரு வரிக்குள் அடங்கியிருந்தனர். இல்லை என்று சொன்னேன்.

"அப்ப இது ஆற்றை கல்லு?" என்று கேட்டார் அந்தத் தாய்.

அன்றிரவு நான் எழுதி அனுப்பிய செய்தியில் அந்தப் பதினொரு பெயர்களும் பதவி வரிசை பிசகாமல் இடம்பெற்றன. இறந்தவர்களின் தொகை கடைசிப் பந்தியில் ஓர் இலக்கமாக நின்றது. அந்தத் தாயின் கேள்வியை நான் எழுதவில்லை. இவ்வளவு காலம் தாமதித்து இப்போது எழுதுகின்றேன்.

எமது கரையோர நகரங்களின் சந்திகளிலும் இறங்குதுறை முகப்புகளிலும் இன்று சீமெந்து மீன்களுக்கும் நண்டுகளுக்கும் கடற்கன்னிகளுக்கும் குறைவில்லை. நகரை அழகுபடுத்தல் என்று அதற்குப் பெயர். அழகு வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் யாருக்காக இந்த அழகு என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. விடியப்புறம் வள்ளம் தள்ளுகின்றவனுக்கு மீன் எப்படி இருக்கும் என்று எவரும் காட்டத் தேவையில்லை. நண்டின் காலை வலையிலிருந்து கழற்றிக் கழற்றி விரல் வெடித்த பெண்ணுக்கு நண்டுச் சிலை எதற்கு? வாகனத்தை நிறுத்திப் படம் எடுத்துவிட்டுப் போகின்றவர்களுக்காகவே அவை நிற்கின்றன. ஓர் ஊரின் தொழிலை அலங்காரப் பொருளாக்கிவிட்டு, அத்தொழிலில் மாண்டவனை அதே ஊரில் பெயரற்றவனாக்கி வைத்திருக்கின்றோம் என்பதே எனது குற்றச்சாட்டு.

தரையில் இறப்பவனுக்கு உடல் உண்டு. சுடலையோ சவக்காலையோ உண்டு. கடலில் இறப்பவனுக்குப் பெரும்பாலும் அவை எவையும் இல்லை. வள்ளம் வரவில்லை என்று முதல் நாள் கரையில் நிற்பார்கள். மூன்றாம் நாளும் நிற்பார்கள். பிறகு ஒரு நாள், எது என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு நாளில், நிற்பதை விட்டுவிடுவார்கள். எந்தத் திதியில் அந்தியேட்டி செய்வது, எந்தத் தேதியில் பூசை ஒப்புக்கொடுப்பது என்பது கூடத் தெரியாத வீடுகள் எமது கரையெங்கும் உண்டு. அந்த வீடுகளுக்குக் கல்லில் வெட்டப்பட்ட பெயர்தான் கல்லறை. அந்த இடத்தில் டொல்பினை வைப்பவர்கள் என்ன செய்கின்றோம் என்று அறிந்துதான் செய்கின்றார்களா?

இதை வேறுவிதமாகச் செய்த ஒரு மீன்பிடி நகரத்தைப் பற்றி இங்கு சொல்ல வேண்டும். அந்நகரத்துக்கும் எமக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. வல்வெட்டித்துறையில் எமது ஓடாவிமார் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றம் பெற்ற அக்கப்பல், வல்வை மாலுமிகள் பாய் இழுக்க, 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இந்தப் பெருமையை நாம் பேசாத மேடையில்லை. ஆயினும் எமது மாலுமிகள் போய் இறங்கிய அந்த ஊர் தன் மாலுமிகளை எவ்வாறு நினைவுகூர்கின்றது என்று நாம் கேட்டதில்லை.

குளொஸ்ரர் 1623 இல் ஆங்கிலேயக் குடியேற்றம் தோன்றிய மீன்பிடி ஊர். அதன் முந்நூறாவது ஆண்டு நிறைவை ஒட்டித் திட்டமிடப்பட்ட நினைவுச் சிலை 1925 இல் திறக்கப்பட்டது. லெனாட் கிராஸ்க் என்ற சிற்பி வடித்த, 8 அடி உயரமான வெண்கல மனிதன். மழையங்கி அணிந்து, சரியும் தளத்தில் கால்களை ஊன்றி, சுக்கான் சக்கரத்தை இறுகப் பிடித்தபடி கடலைப் பார்த்து நிற்கின்றான். அவன் தளபதியுமல்லன், அமைச்சருமல்லன். சாதாரண மீன்பிடி மாலுமி. பீடத்தில் விவிலியத்தின் 107 ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி பொறிக்கப்பட்டுள்ளது. அன்னபூரணி அத்துறைக்குள் நுழைந்தபோது அந்த வெண்கல மாலுமிக்குப் பதின்மூன்று வயது.

அத்தோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியமானது. கடலில் மாண்ட அவ்வூரவர்களின் பெயர்களைப் பதிவேடுகளிலும் பழைய பத்திரிகைகளிலும் தேடித் திரட்டி, ஆண்டு வாரியாக வெண்கலத் தகடுகளில் பொறித்துச் சிலையைச் சுற்றி நிறுவினார்கள். அங்குள்ள பெயர்கள் ஐயாயிரத்துக்கும் அதிகம். 1991 ஆம் ஆண்டுப் பெரும்புயலில் 'அன்ட்ரியா கெயில்' படகுடன் மறைந்த ஆறு பேரும் அவர்களுள் அடங்குவர்.

குளொஸ்ரரைப் புண்ணிய பூமியாக்க நான் முனையவில்லை. கரையில் காத்திருந்த பெண்களை நினைக்க அந்த ஊருக்கு மேலும் 76 ஆண்டுகள் பிடித்தன. 2001 இல்தான், மீனவர் மனைவியர் சங்கம் முன்னின்று உழைத்ததன் பயனாக, கைக்குழந்தையும் சிறுவனுமாகக் கடலை நோக்கி நிற்கும் தாயின் சிலை அதே கடற்கரைச் சாலையில் எழுந்தது. பெண்கள் தாங்களே கேட்டுப் பெற்ற சிலை அது.

அவர்கள் பணக்கார நாட்டவர், எமக்கு அது கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். சீமெந்து டொல்பினுக்குக் கட்டுப்படியான பணம் பெயர் வெட்டுவதற்கு எப்படிக் கட்டுப்படியாகாமற் போகும்? விருந்தினர் பதினொருவரின் பெயரை வெட்டிய அதே உளிதானே மற்றவர்களின் பெயரையும் வெட்ட வேண்டும்? இதில் வறுமை ஒரு சாட்டு. உண்மைக் காரணம் வேறு. மீன் சிலை எதையும் கேட்காது, பெயர் கேட்கும். எப்படிச் செத்தாய், யார் கொன்றது, யார் காப்பாற்ற வரவில்லை என்று அடுத்த கேள்விக்கு இட்டுச் செல்லும்.

1985 ஆம் ஆண்டு மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், கடற்படையினரால் பெண்களும் குழந்தைகளுமாக வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் தொகையை 23 என்போரும் உளர், முப்பதுக்கு மேல் என்போரும் உளர். நெடுந்தீவு மக்கள் தமது இறங்குதுறையில் அவர்களுக்கு நினைவிடம் அமைத்து ஆண்டுதோறும் கூடுகின்றார்கள் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகின்றேன். மறு ஆண்டு யூன் 10 ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்ட குருநகர்த் தொழிலாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர். இத்தகைய சாவுகளில் எண்ணிக்கையைப் பற்றி எவரும் பேரம் பேசலாம். விசாரணைக் குழு ஒன்று கூட்டும், அடுத்த குழு குறைக்கும். தந்தை பெயரும் ஊரும் வயதும் சேர்த்துக் கல்லில் வெட்டிய பெயரைக் குறைப்பது அவ்வளவு இலகுவானதல்ல. எண்ணிக்கையை விரும்புகின்ற அதிகாரம் பெயரை விரும்பாததன் காரணம் இதுதான்.

அரசு எதை விரும்புகின்றது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. போர் முடிந்த கையோடு புதுக்குடியிருப்பில் துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரன் சிலையாக எழுந்தான். தென்னிலங்கையில், ரயிலோடு ஆயிரத்துக்கும் அதிகமானோரை அலை கொண்டுபோன பெரேலியவில், பாமியன் சிலையின் சாயலில் உயர்ந்த புத்தர் சிலை நிற்கின்றது. அந்த ரயிலில் எவருக்கும் மதம் கேட்டுப் பயணச்சீட்டு வழங்கப்படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஆம் ஆண்டு சனவரி 8 ஆம் திகதி இரவில் இடிக்கப்பட்டதையும், மாணவர்களின் போராட்டத்தின் பின் அதே ஆண்டில் அது மீளக் கட்டப்பட்டதையும் வாசகர்கள் அறிவர். இந்நாட்டில் கல்லும் சீமெந்தும் ஒருபோதும் வெறும் கல்லும் சீமெந்துமாக இருந்ததில்லை.

ஆனால் அரசை மாத்திரம் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் கையைக் கழுவிவிட முடியாது. அந்தக் கறுப்புக் கல்லில் இருந்த பதினொரு பெயர்களும் தமிழ்ப் பெயர்கள். நினைவுநாளில் விளக்கை ஏற்றுவது எந்தக் கட்சி என்று இறந்தவர்களின் தாய்மாருக்கு முன்னால் நின்று மல்லுக்கட்டியவர்கள் எம்மவர்கள். தூபிக்குப் பணம் அனுப்பிய வெளிநாட்டுச் சங்கத்தின் பெயர் சிறிதாகிவிட்டது என்று தொலைபேசியில் கோபித்துக்கொண்டவர்களையும் நான் அறிவேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடற்கரைச் சமூகத்தவரின் சாவை ஊரின் பொதுச் சாவாக ஏற்பதில் எமது சாதி மனத்துக்கு இன்றும் தயக்கம் உண்டு. சைவப் பெரியாருக்கும் கல்லூரி அதிபருக்கும் நகர மத்தியில் சிலை வைப்போம். கடலில் மாண்டவனை அவனுடைய ஆட்கள் அவனுடைய துறையில் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். அவன் கொண்டுவந்த மீனை மாத்திரம் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம்.

பெயர் வெட்டினால் பிரச்சினை வரும், விசாரிக்க ஆட்கள் வருவார்கள், மீன் சிலையாவது நிம்மதியாக நிற்கட்டுமே என்று ஒரு மீனவர் சங்கத் தலைவர் என்னிடம் சொன்னார். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதற்குக் காரணம் இருக்கின்றது என்பதைக் கடந்த நாற்பது வருட வரலாறு சொல்லும். ஆனால் புயலில் போனவர்களின் பெயரை எழுதுவதை யார் தடுத்தார்கள்? 1964 டிசெம்பரில் மன்னார்க் கரையையும் தனுஷ்கோடியையும் ஒருசேரத் தாக்கிய சூறாவளி, 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2004 இன் ஆழிப்பேரலை, இவற்றுக்கிடையில் ஒவ்வொரு சோளகத்திலும் வாடையிலும் தனித்தனியே திரும்பாமற் போன வள்ளங்கள் ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம். பட்டியல் ஆண்டு வாரியாக வளரும். 1985 வரும்போது 1985 இன் பெயர்களும் தாமாகவே அதில் வந்து நிற்கும்.

எனவே கரையோர ஊர்களிலுள்ள கடற்றொழிலாளர் சங்கங்களிடமும், புலம்பெயர்ந்து வாழும் அவ்வூரவர்களின் சங்கங்களிடமும் நான் வேண்டுவது மிக எளிமையானது. சிலை செய்வதற்கு முன்னர் பட்டியல் செய்யுங்கள். கோவிற்பற்றுகளின் மரணப் பதிவேடுகளையும் சங்கங்களின் பழைய அங்கத்துவக் கொப்பிகளையும் புரட்டுங்கள். அவை கறையானுக்கும் இடப்பெயர்வுக்கும் இரையாகிவிட்ட இடங்களில், வயோதிபர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் வாயால் கேட்டு எழுதுங்கள். மறைந்தவரின் பெயர், தந்தையின் பெயர், வள்ளத்தின் பெயர், போன நாள். கருவாடு காயவைத்தும் வலை பொத்தியும் பிள்ளைகளை ஆளாக்கிய மனைவியின் பெயரையும் அவனது பெயருக்கு அருகில் எழுதுங்கள். கல்லின் அடியில் வெற்றிடம் விடுங்கள். கடல் இன்னும் கேட்கும். விருந்தினர்களின் பெயர் கட்டாயம் வேண்டுமாயின் கல்லின் பின்பக்கத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் பிறகு மீனோ டொல்பினோ, உங்கள் விருப்பம்.

சென்ற வருடம் அந்த ஊர் வழியாகப் போனேன். மீனின் வால் உடைந்து கம்பி தெரிகின்றது. நீல வர்ணம் உப்புக் காற்றில் உரிந்துவிட்டது. கறுப்புக் கல் மாத்திரம் மெருகு குன்றாமல் இருக்கின்றது. பதினொரு பெயர்களும் தெளிவாக வாசிக்க முடிகின்றது. அந்தத் தாயைப் பற்றி விசாரித்தேன். அவர் காலமாகிவிட்டார் என்றார்கள். கணவரின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் அன்று நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அயலில் எவருக்கும் இப்போது சரியாகத் தெரியவில்லை.