மெஷின் வாசிக்கிறது என்றவர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகரில் என் தம்பியின் மணிவிழாவில் பேரன் கிட்டார் வாசித்தான். பந்தியில் உட்கார்ந்தபோது சிலர் பேசியது என் காதில் விழுந்தது. "ரெக்கார்டு போட்டுட்டு சும்மா கையை ஆட்டுறான்." குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சு. பையன் அதற்கப்புறம் கிட்டாரைத் தொடவேயில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் காலடியில் இருந்தது லூப்பர் பெடல். அதற்குள் அவன் எதையும் பதிந்து கொண்டுவரவில்லை. ஒருமுறை மிதித்தால் பதிவு தொடங்கும். மறுபடி மிதித்தால், அதுவரை வாசித்தது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் அடுத்ததை ஏற்ற வேண்டும். கிட்டாரின் மரப்பெட்டியைத் தட்டி ஒரு தாளம், பிறகு கீழ் ஸ்தாயியில் நாலு சுரம், அப்புறம் தன் குரல். எல்லாம் நம் கண்ணெதிரே. மேடை ஏறும்வரை என்ன வாசிக்கப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

கஷ்டமே அந்த இரண்டாவது மிதியில்தான். துளி தாமதித்தாலும் தாளம் நொண்டும். நொண்டியது அப்படியே ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வரும். அன்று அப்படித்தான் ஆனது. தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு உடனே தெரிந்தது. அவன் நிறுத்தினான், அழித்தான், முதலிலிருந்து ஆரம்பித்தான். "மெஷின் ரிப்பேர்" என்று சிரித்தீர்களே, அந்த இடம்தான். டீச்சர் டிரெயினிங் முடித்த நாளிலிருந்து கரும்பலகையில் எழுதி அழித்தவள் நான். அத்தனை பேர் முன்னால் தப்பை அழித்துவிட்டு மறுபடி எழுதுவது லேசான காரியமில்லை.

2025 பிப்ரவரி 5 அன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் எட் ஷீரன் பாடினாரே, ஏ.ஆர்.ரகுமான்கூட மேடை ஏறினாரே, நம் வீட்டுப் பிள்ளைகளே டிக்கெட் வாங்கிப் போனார்களே! அவர் கையாள்வதும் இதே லூப்பர் வித்தைதான். வெள்ளைக்காரர் செய்தால் திறமை, நம் பையன் செய்தால் மோசடியா? சபா மேடையில் எலக்ட்ரானிக் தம்புரா தானாக ஒலிக்கிறது. அதை யாராவது கேட்கிறோமா?

பேரன் என்பதால் குறை சொல்லாமல் விடமாட்டேன். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்ததைக் கேட்டுக் கடம் பதில் சொல்லும். பெடலுக்குக் காது கிடையாது. அதனால் கேட்கிற வேலையும் இவனுடையதுதான். அன்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனான், கடைசியில் குரலே அமுங்கிவிட்டது. "ஏத்தத் தெரியுது, எப்ப எறக்கணும்னு பாருடா" என்றேன். "சரி பாட்டி" என்றான்.

பெடல் எங்கள் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. சிரித்தவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து ஒருமுறை மிதித்துப் பாருங்கள். காபி போட்டு வைக்கிறேன்.