நீலப் புகை

பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு பயம் உண்டு. காலையில் வண்டியைக் கிளப்பியதும் பின்புறக் குழாயிலிருந்து நீலப் புகை வந்தால் போதும். "எஞ்சின் போய்விட்டது" என்று தெருவே தீர்ப்புக் கூறிவிடும். பட்டறைக்காரரும் அதை ஆமோதித்து, போர் செய்து பிஸ்டன் மாற்றவேண்டும் என்பார். பெண்ணின் படிப்புக்கென்று சேர்த்த பணம் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். சில வண்டிகளுக்கு அது அவசியந்தான். வேறு சிலவற்றிற்கோ, எட்டு ரப்பர் வளையங்களோடு தீரவேண்டிய காரியம் அது.

நம் நாட்டில் 2014-ம் வருஷம் வரை தயாரான அம்பாஸடரையே எடுத்துக்கொள்வோம். அதன் பழைய 1489 ஸி.ஸி. பெட்ரோல் எஞ்சினில் நான்கு ஸிலிண்டர்கள், எட்டு வால்வுகள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். அந்த எண்ணெய் வருவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். தேய்ந்த பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிருந்து ஏறலாம். அல்லது வால்வுத் தண்டு வழியாக மேலிருந்து கசியலாம். தண்டின் வழியை அடைப்பதே வால்வு ஸீலின் வேலை. வருஷக் கணக்கில் சூட்டிலே கிடந்து அது கெட்டித்துப் போகிறது.

புகை எப்போது வருகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் ஒரு முறை புகைந்து ஓய்கிறதா? சரிவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கி, மறுபடி மிதிக்கும்போது வருகிறதா? அப்படியானால் ஸீலின் மீது சந்தேகம் கொள்ளலாம். காலை எடுத்ததும் காற்று வரும் வழி அடைபட்டு உள்ளே வெற்றிடம் பலப்படுகிறது. அது தண்டின் ஓரமாக எண்ணெயை உறிஞ்சுகிறது. மேட்டில் ஏறும்போதும் ஓயாமல் புகைந்தால் வளையங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது கம்ப்ரெஷன் பரீட்சை. எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, பொறி பிறக்காதபடி காயில் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். ஒரு துவாரத்தில் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, முள் நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். பாட்டரி பலமாக இல்லாவிட்டால் கணக்கே பொய்யாகும். நான்கும் 120, 118, 122, 119 பவுண்டு என்று ஏறக்குறைய ஒத்திருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் 80-ல் நின்றால், அந்த ஸிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் உயர்ந்தால் வளையமோ ஸிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை எனலாம். அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்கலாகாது. ஸீல் கெட்டதைக் கேஜ் நேராகச் சொல்லாது. எண்கள் நன்றாக இருந்து, புகையும் மேலே சொன்ன வேளைகளில் மட்டும் வந்தால், இரண்டு சாட்சியங்களும் சேர்ந்து ஸீலைக் காட்டுகின்றன.

ஹெட்டைக் கழற்றாமலே ஸீல் மாற்றலாம். பிஸ்டன் மேலேறும் கட்டத்தில் பிளக் துவாரம் வழியாக மெல்லிய கயிற்றைச் செலுத்தி, நுனியை வெளியே விட்டுவைத்து, ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றினால் கயிறு வால்வுகளைத் தாங்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கி, லாக்குகளை எடுத்து, எண்ணெயில் ஊறிய புது வளையத்தை மாட்டலாம். தண்டு பக்கவாட்டில் அதிகமாக ஆடினால் தாங்கும் கைடும் தேய்ந்திருக்கிறது. அப்போது புது ஸீல் நெடுநாள் உழைக்காது.

அவசரக்காரர்களுக்கு இந்த எஞ்சினில் ஒரு பொறி உண்டு. ராக்கர் தண்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணிப்போகக் கூடும். ஆகையால் ரேடியேட்டர் நீரை வடித்து, ஹெட்டின் மற்ற நட்டுகளையும் தளர்த்திவிட்டே தண்டை எடுக்க வேண்டும். மாட்டும்போது புஸ்தகத்தில் கண்ட வரிசைப்படி முறுக்கி, டாப்பெட் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவையும் நம் கையாலேயே செய்யவேண்டும் என்பதில்லை. நல்ல தொழிலாளி செய்யட்டும். ஆனால் எஞ்சினை இறக்கச் சம்மதிக்குமுன், "நான்கு ஸிலிண்டரின் எண்கள் என்ன?" என்று கேட்கும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. நாடி பார்க்காமல் கத்தி எடுக்கும் வைத்தியரிடம் நாம் உடம்பைக் கொடுப்பதில்லையே! அந்த எண்களைத் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த வருஷப் பரீட்சையில் தேய்மானம் எவ்வளவு என்பது தானே விளங்கும்.