நியூட்ரலில் இறங்க வேண்டாம்

விடுமுறைக்குப் புனே சென்று மும்பைக்குக் காரில் திரும்புகிறவர்கள் உங்களில் அநேகர். கண்டாலா மலையிறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என்றெண்ணி நியூட்ரலில் இறங்குகிறீர்களோ? அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். என் வயதுக்காரர்கள் அதை எளிதில் விடமாட்டோம்.

இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், கியரை மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். பெட்ரோல் வரத்து ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டேயிருக்கும். எரியும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது.

பணத்தைவிடப் பெரிய காரியமும் உண்டு. நியூட்ரலில் பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய பிரேக் பிடிக்காது. பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்குகிறார்களே! மூன்றாம் கியரில் இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் இரண்டாம் கியர்.