சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்?



அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் பலர் ஊரிலுள்ள அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். செல்போனில் தட்டினால் "டெல்லி – சான்பிரான்சிஸ்கோ 12,400 கி.மீ." என்று வருகிறது. அதையும் கிளம்பும் நேரம், சேரும் நேரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். வயதானவர்களுக்கு அது போதாது என்பது என் கட்சி.

முதலில் தூரம். 12,400 என்பது உலக உருண்டையில் நூலைப் பிடித்து அளக்கும் கணக்கு. சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தால் ஐரோப்பா, அட்லாண்டிக் என்று மேற்கே போவதுதான் நேர்வழி போலத் தெரியும். நூலோ திபெத், சைபீரியா தாண்டி ஆர்க்டிக் வரை ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கும். விமானம் அந்த நூல் மேலேயே போக முடியாது. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே ஏறத்தாழ 15,000 அடி! போதாக்குறைக்கு நாடுகளின் சண்டை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பதும் எப்போதும் சரியல்ல. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே டெல்லி – சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. சுமார் 15,300 கி.மீ.; பழைய வழியைவிட ஏறக்குறைய 1,400 கி.மீ. அதிகம். ஆனாலும் இரண்டு மணி நேரம் போல மிச்சம். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது நேரம்தான். காலை 4 மணிக்கு டெல்லியில் கிளம்பி, அதே தேதியில் காலை 7 மணிக்கு அங்கே இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தால் 3 மணி நேரம். கோடைக்காலத்தில் அங்கே நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், உண்மையில் உட்கார்ந்திருப்பது பதினைந்தரை மணி நேரம். இதில் சென்னையிலிருந்து டெல்லி வந்ததும் காத்திருந்ததும் சேரவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் அப்பா எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார்? அங்கே இறங்கும்போது மறுபடியும் காலை. காலை மாத்திரையை இரண்டாவது முறை போடலாமா? இதைக் கேட்காமல் விமானம் ஏற்றிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே டிக்கெட்டோடு ஒரு தாளும் அனுப்புங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், எங்கே மாற வேண்டும், ஒவ்வொன்றும் இந்திய நேரப்படி எப்போது என்று தமிழில், பெரிய எழுத்தில். அதை டாக்டரிடம் காட்டி மருந்து நேரத்தை எழுதி வாங்கச் சொல்லுங்கள். மணிக்கொரு தடவை எழுந்து நடக்கவும் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கு டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்று அம்மா சொல்வார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாம்.