வளன் எந்த டிபார்ட்மென்ட்?

கீரனூரிலிருந்து ஆவூர்ப் பக்கம் போனால் பெரும்பாலும் மானாவாரி பூமிதான். கண்மாயில் தண்ணி கிடந்தால் அது நல்ல வருஷம். அந்த ஆவூர்க் கோயிலில் வீரமாமுனிவர் பணியாற்றியிருக்கிறார். அங்கே பழைய கோயிலைப் பிரெஞ்சுப் பாதிரியார் பூஷே 1547இல் கட்டினார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் போட்டிருக்கும். பூஷே பிறந்ததே 1655இல்! பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாடியே வந்து கொத்தனார் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். இதை ஊர் ஊராக நகலெடுக்கிறார்களே தவிர யாரும் படிப்பதில்லை. தேம்பாவணிக்கும் இதே கதிதான்.

முனைவர் பட்டத்துக்கு நான் கொண்டுபோன தலைப்பு தேம்பாவணியும் அறிவாற்றல் அறிவியலும் இறையியலும் பற்றியது. ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "இது தமிழா, சைக்காலஜியா, வேதபாடமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு தம்பி." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1726இல் முடிந்த காப்பியம். 36 படலம், 3615 பாடல். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான யோசேப்புதான் நாயகன். சபையில் சூசை என்ற பெயர் ஏற்கெனவே புழங்கியது. முனிவர் அதோடு நிற்கவில்லை. எபிரேயத்தில் யோசேப்பு என்றால் பெருகச் செய்தல், கூட்டித் தருதல். அந்தப் பொருளைப் பிடித்து 'வளன்' என்று பெயர் வைத்தார். 'கடவுள் அருளினார்' என்று பொருள்படும் யோவான், 'கருணையன்' ஆனார்.

தமிழ்த் துறைக்கு இது 'பெயர்த் தமிழாக்கம்', இரண்டு மார்க் கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். சூசை என்ற ஒலியைப் பிடித்துக்கொள்ள அன்றைய தமிழ் வாசகன் மனதில் கொக்கி எதுவும் கிடையாது. வளன் என்றதும் வளம், வளர்ச்சி, வயல், பிள்ளை வளர்ப்பது எல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு வரும். இது மனம் வேலை செய்யும் விதம் பற்றிய கேள்வி. அதே நேரம், வார்த்தை மனித உடல் எடுத்தது என்று நம்பும் ஒரு மதத்தின் துறவி, தன் நாயகனுக்குத் தமிழ் உடல் கொடுக்கிறார். இது இறையியல் கேள்வி. இரண்டையும் கழித்துவிட்டு இலக்கியம் என்று எதைப் படிப்பீர்கள்?

இன்னொன்று எனக்குத் தீராத ஆச்சரியம். இந்தக் காப்பியத்தின் யூதேயாவில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, நெல் விளைகிறது. முனிவர் ஆவூரின் வறண்ட நிலத்தை நேரில் பார்த்தவர். கண்ணால் கண்டதை எழுதியிருந்தால் அது நிஜ யூதேயாவுக்கு இன்னும் பக்கத்தில் இருந்திருக்கும்! எழுதவில்லை. ஏனென்றால் 'நல்ல நாடு' என்ற படத்தை வாசகனுக்குள் வரைந்து வைத்திருந்தது கண் அல்ல, கம்பன். ஃபோகோனியேயும் மார்க் டர்னரும் 'கருத்துக் கலப்பு' என்று விளக்குவது இதைத்தான்: இரண்டு உலகங்கள் கலக்கும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பிறக்கிறது. பெத்லகேமிலும் இல்லாத, தஞ்சாவூரிலும் இல்லாத ஒரு நாடு.

உடனே ஒருத்தர் வருவார்: "எல்லாம் மதம் மாத்துற தந்திரம் சார்." அவர் மிஷனரி, அதற்குத்தான் வந்தார், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கவிதை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடுமா? இன்னொரு கோஷ்டி, இதை எழுதியதே அவருடைய ஆசிரியர் சுப்பிரதீபக் கவிராயர்தான் என்று சண்டை பிடிக்கும். சபைக்குள் இருப்பவர்களோ விழா மலரில் படம் போடுவதோடு சரி. மூன்று தரப்பிலும் எத்தனை பேர் முதல் படலத்தைத் தாண்டியிருப்பார்கள்?

நம்ம பக்கமும் யோக்கியம் இல்லை. இணையத்தில் எழுதும் சில நண்பர்களுக்கு 'நியூரான்', 'டோபமைன்' என்று தூவினால் அது அறிவியல் விமர்சனம். மூளைப் படம் காட்டிக் கவிதையை நிரூபிக்க முடியாதுங்க. லேக்காஃபும் ஜான்சனும் 1980இல் சொன்னது எளிமையான விஷயம்: உருவகம் பேச்சுக்குப் போடும் நகை இல்லை, நாம் சிந்திக்கும் வழியே அதுதான். அதை ஏற்றுக்கொண்டால் நம் பல்கலைக்கழகங்களில் தூங்கும் 'உவமை நயம்' ஆய்வேடுகள் பாதிக்கு வேலை போய்விடும். கோபம் அதனால்தானோ என்னவோ.

ஆவூரில் பாஸ்கா நாடகம் பார்க்க வருகிற பாட்டிகளுக்கு முடிவு நல்லாவே தெரியும். அறைவார்கள், மூன்றாம் நாள் எழுந்துவிடுவார். இருந்தும் ஆணி இறங்கும்போது அழுகிறார்கள். தெரிந்த கதைக்கு எப்படி அழுகை வருகிறது? நாடகமா, மனமா, விசுவாசமா, எந்த டிபார்ட்மென்டில் போய் இதைக் கேட்பது?

கடைசியில் தலைப்பை 'தேம்பாவணியில் உவமை நயம்' என்று மாற்றிக் கொடுத்தேன். அன்னைக்கே கையெழுத்து ஆயிடுச்சு. உள்ளே மேலே சொன்னதையெல்லாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இயல் கொடுத்தாகிவிட்டது. இதுவரை ஒரு கேள்வியும் வரவில்லை.