பூனை பிறாண்டும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கேள்வி: ''எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் பூனை இருக்கிறது. ஒரு மாதமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பக்கத்து அறைக் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. விரட்டினால் கொஞ்ச நேரம் ஒதுங்கிவிட்டு மறுபடி வந்துவிடும். சில நாள் சத்தம் தாங்க முடியாமல் வாசல் கதவைத் திறந்து வெளியே விடுகிறோம். அந்த அறையில்தான் மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கடலை ஆறு மூட்டை அடுக்கியிருக்கிறோம். எலிக்குப் பயந்து மருந்து கேக் வைத்து, கதவைச் சாத்திவிட்டோம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் தூக்கமும் கெடுகிறது. பூனையைச் சாக்கில் கட்டி, சந்தைமேட்டில் விட்டுவிட்டு வரலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?''
- வாசகி, வந்தவாசி வட்டம்.

பதில்: பாதி விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் எத்தனையோ கதவு இருக்க, பூனை ஒரே கதவைத்தான் பிறாண்டுகிறது. அதுவும் அந்த அறையில் மூட்டை அடுக்கிய பிறகு. எலிகள் தங்களுக்குள் எழுப்பும் கீச்சொலியில் பெரும்பகுதி மனிதர் காதுக்கு எட்டாது. பூனைக்குத் தெளிவாகக் கேட்கும். வீட்டார் தூங்கப் போனதும் எலி இறங்குகிறது, பூனை கதவுக்கு வருகிறது. பூனையைச் சாக்கில் கட்டுவதற்கு முன்னால் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பகல் நேரத்தில் டார்ச் விளக்கோடு அறைக்குள் போய், சுவர் ஓரத்தையும் மூட்டைகளின் பின்பக்கத்தையும் பாருங்கள். கறுப்பாக, பளபளப்பாக, அமுக்கினால் நசுங்கும் புழுக்கை கிடந்தால் அது புதுசு. காய்ந்து வெளிறி உதிர்ந்தால் பழசு. அடி மூட்டையின் மூலையில் சாக்கு கடிபட்டு, கடலைத்தோல் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எலி எப்போதும் பின்பக்கத்து அடி மூட்டையில்தான் தொடங்கும். முன்வரிசை மூட்டைகள் கடைசிவரை நன்றாகவே இருக்கும். விதைக்கும் நாளில்தான் பலருக்கு விஷயம் தெரிகிறது.

எலி இருப்பது உறுதியானாலும், கதவைத் திறந்து பூனையை உடனே உள்ளே விட்டுவிடக் கூடாது. கடிதத்தில் மிகவும் கவலை தரும் வரி, பிறாண்டலைப் பற்றியது இல்லை, மருந்து கேக்கைப் பற்றியது. கடைகளில் கேக்காகக் கிடைக்கும் புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி அன்றே சாகாது. சில நாள்கள் தளர்ந்து, மெதுவாக நடமாடும். அப்படிப்பட்ட எலிதான் பூனைக்கு முதலில் அகப்படும். அந்த எலிகளைத் தின்னும் பூனைக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும். ஈறு வெளுப்பது, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வருவது, மூலையில் சுருண்டு படுத்துக்கொள்வது இதன் அறிகுறிகள். வைட்டமின் கே ஊசி போட்டுக் காப்பாற்ற முடியும் என்பதால், தாமதிக்காமல் மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கறுப்புத் தூளாக வரும் ஜிங்க் பாஸ்பைடு இதைவிட வேகமானது. பூனையும் எலி மருந்தும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஆகவே, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு மிச்சமிருக்கும் கேக்கை எடுத்துவிடுங்கள். செத்த எலி கிடந்தால் ஆழமாகப் புதையுங்கள். மருந்து தின்ற எலிகள் இன்னும் உலவக்கூடும் என்பதால், இரண்டு வாரத்துக்காவது பூனை அந்த அறைப்பக்கம் போகாமல் இருக்கட்டும். அதுவரை கூண்டுப்பொறி போதும். கடலை மூட்டை இருக்கும் அறையில் பொறிக்குக் கடலையை வைத்தால் எலி திரும்பிக்கூடப் பார்க்காது. கருவாட்டுத் தலையோ சுட்ட தேங்காய்த் துண்டோ வையுங்கள். கதவின் அடியில் கால் அங்குலச் சந்து இருந்தால்கூடச் சுண்டெலி நுழைந்துவிடும். கதவின் கீழ்ப்பகுதியில் ஓர் அடி உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டால் எலியும் நுழையாது, பூனை நகத்துக்கும் பிடி கிடைக்காது.

அடுத்தது, பழக்கம். சில நாள் விரட்டுவதும் சில நாள் வாசல் கதவைத் திறந்துவிடுவதும் சேர்ந்து, பிறாண்டினால் ஆள் எழுந்து வரும் என்று பூனைக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. திட்டினாலும் அதற்கு அது கவனிப்புதான். இனி யாரும் எழுந்து போகக் கூடாது. முதல் சில இரவுகள் பிறாண்டல் அதிகமாகும். அது குறைவதற்கு முன் வருகிற வேகம். நான்கு நாள் பொறுத்துவிட்டு ஐந்தாம் நாள் எழுந்து போனால், ஐந்து நாள் பிறாண்ட வேண்டும் என்று பூனை கற்றுக்கொள்ளும். மகளுக்குப் பரீட்சை இல்லாத வாரமாகப் பார்த்து இதைத் தொடங்குவது உத்தமம்.

பூனைக்குச் சாயங்காலமும் விடியற்காலையும்தான் சுறுசுறுப்பான நேரம். சாயங்காலமே சோறு போட்டுவிட்டு இரவு முழுக்கப் பட்டினி போடும் வீடுகளில் தொல்லை கூடுதல். படுக்கப் போவதற்கு முன் பத்து நிமிடம் கயிற்று நுனியை ஆட்டி விளையாட்டுக் காட்டி, பிறகு மீனோ முட்டையோ சேர்த்து வயிறு நிறையப் போட்டால், தன்னைத் தானே நக்கிக்கொண்டு தூங்கிவிடும். வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது என்பது தவறான எண்ணம். பசி இல்லாத பூனையும் வேட்டையாடும்; தின்னாமல் போட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

பிறாண்டுவதையே நிறுத்த முடியாது. நகத்தின் மேலுறையைக் கழற்றவும், உடம்பை நீட்டி முறிக்கவும், பாதத்து வாசனையைப் பதிக்கவும் பூனைக்கு அது தேவை. மூன்றடி உயரத் தென்னங்கட்டையில் பழைய தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நட்டுக் கொடுங்கள். முதலில் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், பழகியதும் தள்ளி வைக்கலாம். கதவில் பினாயில், மண்ணெண்ணெய், மிளகாய்த்தூள் பூசுவது, அந்துருண்டை கட்டுவது எதுவும் வேண்டாம். பூனை பாதத்தை நக்கும். அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

ஒன்றரை வயதுப் பெண் பூனை என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிறாண்டலோடு அடித்தொண்டையில் கத்தி, தரையில் புரண்டு, பின்பக்கத்தைத் தூக்கினால் அது சினைப்பருவம். சில நாளில் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். அந்த நேரத்தில் வெளியே விட்டால், ஏறக்குறைய 65 நாளில் குட்டிகளோடு நிற்கும். வட்டத் தலைநகரில் உள்ள கால்நடை மருத்துவமனையில், கருத்தடை அறுவை சிகிச்சை எங்கே செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்த பிறகும் எலி பிடிப்பது நிற்காது.

சந்தைமேட்டில் விடுவதைப் பற்றி வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. பட்டினியால் வதைபடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பூனை போன பிறகு ஆறு மூட்டை விதைக்கடலைக்கும் காவல் இருக்காது.

இரண்டு வாரம் கழித்து, பொறியில் எலி விழுவது நின்று, புதுப் புழுக்கையும் இல்லை என்றால், அறைக் கதவைத் திறந்து வையுங்கள். அதற்குள் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கிவிடுங்கள். மூட்டைக்குப் பின்னால் பூனை சுற்றி வர அந்த இடம் போதும்.