மானியமும் மேய்ச்சற்றரையும்

பாலுற்பத்தியில் தன்னிறைவு என்பது இலங்கையில் ஆட்சிக்கு வந்த அரசாங்கங்கள் யாவும் தவறாது உச்சரித்த மந்திரம். அம்மந்திரத்துக்குரிய கிரியையாக வாய்த்தது மானியம். பசு வாங்க மானியம், கொட்டில் அமைக்க மானியம், புல் வெட்டும் இயந்திரத்துக்கு மானியம், சலுகை வட்டியிற் கடன் எனக் காலத்துக்குக் காலம் அது உருமாறி வந்துள்ளது. இத்தனைக்குப் பின்னரும் நாட்டின் பாற்றேவையிற் பெரும்பங்கை இறக்குமதிப் பால்மாவே நிறைவு செய்கிறது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வற்றியபோது ஒரு பொதி பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றனர்.

பண்ணையாளரிடம் மூலதனம் இல்லை, அதனைக் கொடுத்தாற் பால் பெருகும் என்பதே மானியக் கொள்கையின் அடிப்படை எடுகோள். பாதி உண்மையாதலின் அது இலகுவில் நம்பப்படுகிறது. ஆயின் பசு, வாங்கி மூலையில் வைத்துவிட்டு வேண்டும்போது இயக்கும் தையல் இயந்திரமன்று. நாளொன்றுக்கு 20 லீற்றர் கறக்கவல்ல பசுவுக்குப் பசும்புல்லுக்கு மேலாகப் பல கிலோ அடர்தீவனமும், குடிக்க 60 லீற்றருக்குக் குறையாத நீரும் நாள்தோறும் வேண்டும். கறந்த பாலோ சில மணித்தியாலங்களுக்குள் குளிரூட்டும் நிலையத்தைச் சேர்தல் வேண்டும். இவற்றுள் எதனையும் ஒருமுறை கையளிக்கப்படும் காசோலை உறுதிப்படுத்துவதில்லை.

வெளிநாட்டிலிருந்து 20,000 கறவைப் பசுக்களைத் தருவிக்கும் திட்டம் இதற்குத் தக்க சான்று. அதன் முதற் பகுதியாக 2017இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து 5,000 பசுக்கள் வந்தன. பசுக்கள் நோயுற்றன, இறந்தன, எதிர்பார்த்த அளவு கறக்கவில்லை என அவற்றைப் பெற்ற பண்ணையாளர் பலர் முறையிட்டனர். கடன் மட்டும் எஞ்சியது. குளிர்நாட்டுப் புல்வெளியில் வளர்ந்த இனம் வெப்பத்தில் தீனைக் குறைத்துக்கொள்ளும், பாலும் குறையும் என்பது கால்நடை விஞ்ஞானத்தின் அரிச்சுவடி. பேராதனையிற் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் ஒரு நாட்டில் அதனை அறிந்தவர் இல்லையெனக் கூறவியலாது. உள்ளூர்ப் புல்லைப் பெருக்குவதைக் காட்டிலும் கப்பலிற் பசுக்களை இறக்குவது காட்சிக்கு எடுப்பானது போலும்!

மலையகத்தில் நிலைமை வேறு. அங்கே குளிர்ச்சி உண்டு, புல்லுண்டு, லயத்துக்குப் பின்னால் ஒரு சிறு கொட்டிலில் ஒன்றிரண்டு பசுக்களை வளர்க்கும் உழைப்பும் உண்டு. நிலம் மட்டுமே தோட்டத்துக்குரியது. காணி உறுதியில்லாத தொழிலாளியிடம் வங்கி ஈடு கேட்கும்போது சலுகைக் கடன் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

மட்டக்களப்பிலோ நிலைமை மிகவும் கசப்பானது. பெரும்போகம் தொடங்குமுன் பட்டிக்காரர் தம் மாடுகளை வயல்வெளிகளினின்று அகற்றி மேற்கே மயிலத்தமடு, மாதவனைப் புற்றரைகளுக்கு ஓட்டிச்செல்வர். அறுவடை முடிந்ததும் தாள் மேய அவை திரும்பிவரும். பயிரும் பட்டியும் ஒன்றையொன்று அழிக்காது வாழக் கண்ட ஒழுங்கு இது. எவருடைய மானியமும் இன்றித் தலைமுறைகளாக நடந்துவந்தது. எழுதப்பட்ட உரித்து இல்லாத நிலத்தை முடிக்குரியதாகக் கருதிய 1840ஆம் ஆண்டின் குடியேற்றக் காலச் சட்டத்தின் மனப்பாங்கு இன்னும் மறையவில்லை. வழக்காற்று உரிமையை அது இப்போதும் உரிமையாக ஏற்பதில்லை. மகாவலித் திட்டத்துக்குரிய காணி என்ற பெயரிலேயே இப்புற்றரைகள் நிருவகிக்கப்படலாயின. 2020 முதல் வெளிமாவட்டத்தவர் அங்கே சோளம் பயிரிட்டனர். மேய்ச்சலுக்குச் சென்ற மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் கிடந்த செய்திகள் தொடர்ந்து வந்தன.

ஒரு கையாற் பசுவை வழங்கி மறு கையாற் புல்லைப் பறிக்கும் இந்நடைமுறையை நிருவாகத் தவறு எனக் கூறி ஒதுக்கிவிட முடியாது. மானியம் பெறுபவன் அரசியல்வாதிக்கு நன்றிக்கடன்பட்டவனாகிறான். மேய்ச்சற்றரைக்கு உரிமை பெற்றவன் எவருக்கும் கடன்பட்டவனல்லன். முன்னையவனை உருவாக்குவதிலேயே ஆட்சியாளருக்கு ஆர்வம் மிகுதி. மானியமே கூடாதென்பது இங்கு வாதமன்று. புல் விதைக்கும், நீர்நிலைக்கும், குளிரூட்டும் நிலையத்துக்கும், இந்நாட்டு வெப்பத்தைத் தாங்கும் கலப்பினங்களைப் பெருக்குவதற்கும் அரச நிதி செல்லுமாயின் எவரும் குறைகூறார். ஆயின் நிலவுரிமை முதலில் தீர்க்கப்படல் வேண்டும்.

2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகையிட்டு அமர்ந்த பாற்பண்ணையாளர் மாதக்கணக்கில் எழுந்து செல்லவில்லை. அவர்கள் கேட்டது மானியமன்று. அத்துமீறியோரை அகற்றி மேய்ச்சற்றரையைத் தம் பட்டிகளுக்கு விடுமாறே கேட்டனர்.